அல்சாஸ் ஒயின் பாதை: மூன்று ஊர், ஒரு நடை, ஒரு நாள்

பிரான்ஸின் கிழக்கு எல்லையில் வோஷ் மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி வடக்கு தெற்காக நீள்கிறது அல்சாஸ் ஒயின் பாதை. வடக்கே மார்லென்ஹைம் ஊரில் தொடங்கித் தெற்கே டான் என்ற ஊரில் முடியும் இதன் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். பாதை திறக்கப்பட்டது 1953இல். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் போர் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. 1944–45 குளிர்காலத்தில் கோல்மார் நகரைச் சுற்றி நடந்த சண்டையில் பென்வீர், சிகோல்ஷைம், அம்மெர்ஷ்வீர் ஆகிய ஊர்கள் ஏறக்குறையத் தரைமட்டமாயின. பக்கத்திலேயே இருந்த சில ஊர்கள் தப்பிப் பிழைத்தன. இடிந்ததும் தப்பியதுமான இந்த ஊர்களை ஒரே கயிற்றில் கோத்து, மக்களைத் திரும்ப வரவழைத்தது இந்தப் பாதை.

காரில் போனால் 170 கிலோமீட்டரையும் ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம். ஆனால் மாலையில் எந்தக் கோபுரம் எந்த ஊரில் இருந்தது, எந்த ஒயினை எங்கே குடித்தோம் என்பதெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப் போயிருக்கும். நிதானமான நாள் வேண்டும் என்றால் முதலில் செய்ய வேண்டியது, பட்டியலை வெட்டுவது. இந்த அத்தியாயம் பரிந்துரைப்பது 170 கிலோமீட்டரில் ஐந்தே கிலோமீட்டரை: ரிபோவில்லேயிலிருந்து ஹூனாவீர் வழியாக ரிக்வீர் வரை. மூன்று ஊர், இரண்டு ஒயின் கூடம், ஒரு மதிய உணவு, அவ்வளவுதான். முழுவதையும் நடந்தே முடிக்கலாம்.

எப்போது போவது

மே, ஜூன் மாதங்களும் செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையிலான நாட்களும் நடைக்கு ஏற்றவை. மழையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வரும் மேகங்களை வோஷ் மலை தடுத்து நிறுத்திவிடுவதால், கோல்மாரைச் சுற்றியுள்ள பகுதி மழை மறைவுப் பிரதேசம். ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர் மட்டுமே. சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. திராட்சை இங்கே செழிப்பதற்கு இந்த வறட்சியும் வெயிலும்தான் காரணம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டமும் வெயிலும் அதிகம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக வரும் கூட்டம் ரிக்வீரின் ஒற்றைத் தெருவை அடைத்துவிடும். தோட்டங்களும் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும். அறுவடைக் காலம் பார்க்க அழகு. ஆனால் அப்போது சிறு தயாரிப்பாளர்கள் தோட்டத்திலேயே இருப்பார்கள், சுவைகூடத்தில் ஆள் இருக்காது. கொடிகளுக்கு நடுவே போகும் சில தடங்களில் நடக்கவும் கட்டுப்பாடு வரலாம். அறுவடைச் சமயத்தில் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கிக்கொள்வது நல்லது.

கிழமையும் முக்கியம். ஞாயிறு அன்று பல கூடங்கள் மூடியிருக்கும், பேருந்துகளும் குறைவு. சனிக்கிழமை காலை ரிபோவில்லேயில் சந்தை கூடும். கலகலப்பை விரும்புகிறவர்களுக்கு அது பொருந்தும். அமைதியை விரும்புகிறவர்களுக்குச் செவ்வாய் முதல் வியாழன் வரை எந்த நாளும் ஏற்றது.

கார் வேண்டாம்

பிரான்ஸில் ஓட்டுநரின் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலை எட்டினாலே குற்றம். உரிமம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன புதியவர்களுக்கு வரம்பு 0.2 கிராம், அவர்களைப் பொறுத்தவரை ஒரு கோப்பைகூடக் கூடாது என்றுதான் பொருள். சைக்கிளில் போகிறவர்களுக்கும் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்ற சட்டம் உண்டு. எனவே குழுவில் ஒருவர் குடிக்காமல் கார் ஓட்டுவது, அல்லது பேருந்தும் நடையும் என இரண்டு வழிகள்தான். இரண்டாவது எல்லோருக்கும் சமமாகப் பொருந்தும்.

தங்குவதற்குக் கோல்மார் வசதியான ஊர். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும். கோல்மார் ரயில் நிலையத்திலிருந்து ரிபோவில்லே, ரிக்வீர் ஆகிய ஊர்களுக்குப் பேருந்து உண்டு. தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் பேருந்துகள் அடிக்கடி கிடையாது. பள்ளி நாள், விடுமுறை நாள் என்று கால அட்டவணையும் மாறும். அதனால் திட்டமிடும்போது போகும் பேருந்தைப் பார்ப்பதற்கு முன் திரும்பும் பேருந்தைப் பார்க்க வேண்டும். ரிக்வீரிலிருந்து மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய பேருந்தைத் தங்கள் பேருந்தாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

காலை: ரிபோவில்லே

ஒன்பது, ஒன்பதரை மணிக்கு ரிபோவில்லேயில் இறங்கினால் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருக்கும். ஊருக்கு மேலே மலைச்சரிவில் மூன்று கோட்டைகளின் இடிபாடுகள் தெரியும்: சேன்-உல்ரிக், கிர்ஸ்பெர்க், ஓ-ரிபோபியேர். இந்தப் பகுதியை ஆண்ட ரிபோபியேர் பிரபுக்களுடையவை அவை. ஊர்சுற்றும் இசைக்கலைஞர்களுக்கு அந்தப் பிரபுக்கள் பாதுகாவலர்களாக இருந்ததால், செப்டம்பர் முதல் ஞாயிறு அன்று இன்றும் இங்கே இசைக்கலைஞர்கள் திருவிழா நடக்கிறது.

நீளமான பெரிய தெரு ஒன்றே ஊரின் முதுகெலும்பு. அதன் நடுவில் கசாப்புக்காரர் கோபுரம் என்ற பழைய காவல் கோபுரம் நிற்கிறது. மரச்சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்புக் கலவை பூசி, மஞ்சளும் நீலமும் காவியும் அடித்த வீடுகள் இருபுறமும். பேக்கரிகளில் கூகெல்ஹோஃப் என்ற உயரமான, நடுவில் துளையுள்ள கேக் கிடைக்கும். வரிவரியான மண் அச்சில் சுட்டெடுத்து, உலர்திராட்சையும் பாதாமும் சேர்த்தது. காலைப் பசிக்கு ஒரு துண்டு போதும். வெறும் வயிற்றோடு ஒயின் கூடத்துக்குள் நுழையக் கூடாது என்பது இந்த நாளின் கண்டிப்பான விதி.

பத்தரை மணிக்கு முதல் கூடம். முதன்முறை வருகிறவர்களுக்கு ரிபோவில்லேயின் கூட்டுறவு ஒயின் சங்கம் நல்ல தொடக்கம். 1895இல் ஏற்பட்ட இது பிரான்ஸிலேயே பழமையான ஒயின் கூட்டுறவு. பல விவசாயிகளின் திராட்சை ஒரே இடத்தில் வந்து சேர்வதால், அல்சாஸின் வகைகளை எல்லாம் ஒரே மேசையில் பார்த்துவிடலாம். 1626 முதல் ஒயின் செய்துவரும் த்ரிம்பாக் குடும்பத்தின் கூடமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே போக விரும்பினால் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மேசை முன் நிற்கும்போது

உள்ளே நுழைந்ததும் 'போன்ஷூர்' சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்பது பிரான்ஸில் மரியாதைக் குறைவு. பிறகு எத்தனை வகை சுவைக்க விருப்பம் என்று அவர்களே கேட்பார்கள். நான்கு, மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்காது.

அல்சாஸில் ஒயினுக்குப் பெரும்பாலும் திராட்சை வகையின் பெயரே பெயர். முக்கியமானவை ஏழு: சில்வானர், பினோ ப்ளாங், ரீஸ்லிங், மஸ்கட், பினோ க்ரி, கெவூர்ஸ்ட்ராமினர், பினோ நுவார். கடைசி வகையிலிருந்துதான் சிவப்பு ஒயின். மற்ற எல்லாம் வெள்ளை. இவற்றை இனிப்பு இல்லாததிலிருந்து இனிப்பை நோக்கிச் சுவைப்பதுதான் முறை. முதலில் சில்வானர் அல்லது பினோ ப்ளாங். அடுத்து எலுமிச்சைத் தோலின் மணமும் தூக்கலான புளிப்பும் உள்ள ரீஸ்லிங். பிறகு உடல் கனத்த பினோ க்ரி. கடைசியில் ரோஜாவும் லிச்சிப் பழமும் கலந்து மணக்கும் கெவூர்ஸ்ட்ராமினர். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், கெவூர்ஸ்ட்ராமினரின் இனிப்புக்குப் பின் ரீஸ்லிங் வெறும் புளிப்பாகத் தோன்றிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் மஸ்கட்டைத் தவற விடக் கூடாது. ஒயினாக மாறிய பின்பும் பழத்தின் மணத்தை அப்படியே வைத்திருக்கும் வகை இது. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் பழகிய வாசனையாக இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. தேனி மாவட்டத்தில் விளையும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. இரண்டும் ஒரே மஸ்கட் குடும்பத்தின் கிளைகள். பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவரும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் என்று சொல்லப்படுகிறது. நம்மூர்ப் பழம் நாவில் இனிக்கும். அல்சாஸ் மஸ்கட்டோ அதே மணத்தைத் தந்துவிட்டு, நாவில் பட்டதும் இனிப்பே இல்லாமல் முடிவது முதலில் வியப்பாக இருக்கும்.

ஊற்றுகிறவர் தருவது இரண்டு மடக்கு அளவுதான். கோப்பையைத் தண்டைப் பிடித்துச் சாய்த்து நிறம் பார்த்து, மெல்லச் சுழற்றி முகர்ந்து, சிறிதளவு வாயில் வைத்து எல்லாப் பக்கமும் படும்படி உருட்ட வேண்டும். பிறகு விழுங்கலாம், அல்லது மேசையில் இருக்கும் துப்பும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். துப்புவதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். 12 முதல் 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை வெயிலில் நடக்கப் போகும் நாளில் குடிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இனிப்பு எவ்வளவு என்று தெரியாமல் பலர் தடுமாறுவதுண்டு. 2021 அறுவடை முதல் அல்சாஸ் வெள்ளை ஒயின்களின் புட்டியில் அதை எழுதியே ஆக வேண்டும். 'செக்' என்றால் இனிப்பு இல்லை; 'தெமி-செக்' கொஞ்சம்; 'முவெலு' நல்ல இனிப்பு; 'தூ' மிக இனிப்பு. இந்த நான்கு சொற்களும் தெரிந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பெரிய கூடங்கள் காசு வாங்குவதுண்டு. சிறு குடும்பங்கள் பல இன்னும் இலவசமாகவே ஊற்றுகின்றன. அங்கே கிளம்பும்போது ஒரு புட்டியாவது வாங்குவது பண்பு. மது அருந்தாதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. திராட்சைச் சாறும் இருக்கிறதா என்று கேட்கலாம். பல கூடங்களில் அதையும் விற்கிறார்கள். அல்சாஸ் முழுக்க உணவு மேசைகளில் காணப்படும் கரோலா மினரல் வாட்டரும் ரிபோவில்லே ஊற்றிலிருந்து வருவதுதான். நீல நிறப் புட்டியில் சாதாரணத் தண்ணீர், பச்சையில் இலேசான வாயு, சிவப்பில் அதிக வாயு.

மதிய உணவு

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும். கூடங்கள் 12 முதல் 2 வரை பெரும்பாலும் மூடியிருக்கும், சமையலறைகளோ 2 மணிக்கு அடுப்பை அணைத்துவிடும். 'வின்ஷ்டுப்' என்று பலகை உள்ள இடங்கள் உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகள். மர மேசை, கட்டம் போட்ட விரிப்பு, குறைந்த பட்டியல்.

அல்சாஸ் சமையலில் பன்றி இறைச்சி எங்கும் உண்டு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ் உணவான ஷூக்ரூத்திலும்கூட. பேக்கெஓஃபெ என்ற அடுப்புக் கறியில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றி இறைச்சி மூன்றும் சேர்ந்து வெள்ளை ஒயினில் ஊறும். இவற்றைத் தவிர்ப்பவர்களுக்குக் கைகொடுப்பது தார்த் ஃப்ளாம்பே: காகிதம்போல் மெல்லிய மாவின்மேல் புளித்த பாலாடை தடவி, வெங்காயம் தூவி, தகிக்கும் அடுப்பில் சில நிமிடம் சுட்டது. வழக்கமாக இதிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் போடுவார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே 'சான் லார்தோன்' என்று சொன்னால் அது இல்லாமல் சுட்டுத் தருவார்கள். காளான் போட்டதைக் கேட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டோடு இன்னொரு கோப்பை ஒயின் தேவையில்லை. நடைக்கு வேண்டியது தண்ணீர்.

நடை: ஹூனாவீர் வழியாக

ஒன்றரை மணிக்கு நடையைத் தொடங்கலாம். ஹூனாவீர் சுமார் இரண்டரை கிலோமீட்டர். மெதுவாக நடந்தால் முக்கால் மணி நேரம். ஏற்ற இறக்கம் இருந்தாலும் கடினமான பாதை இல்லை. நிழல் மிகக் குறைவு என்பதால் தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பந்தலில் படர்ந்து தலைக்குமேல் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இங்கே பந்தல் கிடையாது. கம்பங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய கம்பிகளில் கொடிகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கின்றன. வசந்தகாலத்து உறைபனி தரையை ஒட்டித்தான் கடுமையாக இருக்கும் என்பதால், கிளை பிரியும் இடத்தைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தி வைத்திருக்கிறார்கள். சரிவைப் பார்த்தால் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் மண் நிறம் மாறுவது தெரியும். அல்சாஸில் மிகச் சிறந்தவை என்று எல்லை வரைந்து வைத்த 51 தோட்டப் பகுதிகளுக்கு 'கிராண்ட் க்ரூ' என்று பெயர். இந்த ஐந்து கிலோமீட்டர் நடையில் அவற்றில் பல கண்ணில் படும். ஹூனாவீரில் ரோசாக்கர், ரிக்வீருக்கு மேலே செங்குத்தான தெற்குச் சரிவில் ஷோனென்பூர். த்ரிம்பாக் குடும்பத்தின் புகழ்பெற்ற ரீஸ்லிங் ஒயினான 'க்ளோ சேன்த் ஹூன்', ரோசாக்கருக்குள் இருக்கும் 1.67 ஹெக்டேர் நிலத்தில் விளைவது. நான்கு ஏக்கருக்குச் சற்று மேல். அவ்வளவு சிறிய துண்டு.

பழத்தைப் பறிக்கக் கூடாது. வரிசைகளுக்குள் நுழையாமல் தடத்திலேயே நடக்க வேண்டும்.

குழந்தைகள் உடன் இருந்தால் ஹூனாவீருக்கு முன்பே ஒரு நிறுத்தம் வைத்துக்கொள்ளலாம். 1976இல் செங்கால் நாரைகளைக் காப்பாற்றத் தொடங்கிய மையம் அங்கே இருக்கிறது. இப்போது அது இயற்கைப் பூங்காவாக வளர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்கா வரை வலசை போகும் வழியில் மின்கம்பி, வேட்டை, வறட்சி என்று பறவைகள் அழிந்ததால், 1974இல் அல்சாஸில் ஒன்பது இணைகள்தான் மிஞ்சியிருந்தன. இளம் நாரைகளை மூன்று ஆண்டுகள் கூண்டில் வளர்த்து, வலசைத் துடிப்பு தணிந்த பின் வெளியே விட்டார்கள். அவை இங்கேயே கூடு கட்டிப் பெருகின. இன்று கூரைகளிலும் கோபுரங்களிலும் நாரைக் கூடு இல்லாத ஊரைக் காண்பது அரிது. பூங்கா குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

ஹூனாவீரில் பார்க்க வேண்டியது மேட்டின்மேல் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் சேன்-ஷாக் தேவாலயம். ஆறு பக்கமும் மதில் எழுப்பி, மூலைகளில் அரைவட்டக் கொத்தளங்கள் வைத்து, கோட்டையாகவே கட்டியிருக்கிறார்கள். ஆபத்துக் காலத்தில் ஊரே இதற்குள் புகுந்துகொண்டது. கத்தோலிக்கர்களும் புரோட்டஸ்டன்ட் கிறித்தவர்களும் இந்த ஒரே கோயிலை இன்றும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஊருக்குள் இறங்கினால் சேன்த் ஹூன் பெயரில் ஒரு நீரூற்றும் துணி துவைக்கும் துறையும் உண்டு. ஏழைகளின் துணியைத் தன் கையால் துவைத்துக் கொடுத்த புனிதப் பெண் அவர். விளைச்சல் பொய்த்த ஓர் ஆண்டில் அந்த ஊற்றில் தண்ணீருக்குப் பதில் ஒயின் வந்தது என்று ஊரார் கதை சொல்கிறார்கள்.

மாலை: ரிக்வீர்

ஹூனாவீரிலிருந்து ஷோனென்பூர் சரிவு வழியே இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ரிக்வீர். போரில் சேதமில்லாமல் தப்பிய ஊர்களில் இது ஒன்று. 16, 17ஆம் நூற்றாண்டு வீடுகள் மதிலுக்குள் அப்படியே நிற்கின்றன. அதனாலேயே மூன்று ஊர்களில் கூட்டம் மிகுந்ததும் இதுதான். காலை 11 முதல் பிற்பகல் 3 வரை சுற்றுலாப் பேருந்துகள் வந்தவண்ணம் இருக்கும். நடையை இந்தத் திசையில் அமைத்ததற்கு அதுதான் காரணம். நான்கு மணியளவில் போய்ச் சேர்ந்தால் பெருங்கூட்டம் கலையத் தொடங்கியிருக்கும்.

தெருவின் மேல் முனையில் 1291இல் கட்டிய டோல்டர் கோபுரம். 25 மீட்டர் உயரம். வெளிப்பக்கம் முழுக்கக் கல், ஊர்ப்பக்கம் மரச்சட்ட வேலைப்பாடு. பகைவனுக்கு ஒரு முகம், ஊராருக்கு ஒரு முகம். தெருவில் கீழே இறங்கும்போது கடைகளின் இரும்புப் பெயர்ப்பலகைகளைக் கவனிக்கலாம். அவற்றில் சில, கோல்மாரில் பிறந்த ஓவியர் அன்சி வரைந்து கொடுத்த வடிவங்கள்.

இரண்டாவது கூடம் இங்கே. ஹ்யூகல் குடும்பம் 1639 முதல் ரிக்வீரில் ஒயின் செய்கிறது. 1715இல் செய்த மரப்பீப்பாய் ஒன்றை அவர்கள் நிலவறையில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சிறு தயாரிப்பாளர்களின் கூடங்களும் குறுக்குச் சந்துகளில் நிறைய உண்டு. காலையில் வகைகளைப் பார்த்தாயிற்று. மாலையில் ஒரே வகையை எடுத்துக்கொள்வது நல்லது. சாதாரண ரீஸ்லிங், ஷோனென்பூர் ரீஸ்லிங் என்று இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கலாம். சற்றுமுன் நடந்துவந்த சரிவின் மண் கோப்பைக்குள் என்ன செய்திருக்கிறது என்பது அப்போது தெளிவாகப் புரியும். விரும்பினால் கடைசியில் 'வாந்தாஞ் தார்தீவ்' என்ற தாமத அறுவடை இனிப்பு ஒயினில் ஒரு மடக்கு.

வாங்குவதும் திரும்புவதும்

அல்சாஸ் ஒயின் உயரமான, மெலிந்த புட்டியில்தான் வரும். அந்தப் பகுதியிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்று 1972 முதல் சட்டமும் உண்டு. கழுத்து நீளமாக இருப்பதால் பெட்டிக்குள் எளிதில் உடையும். கூடத்திலேயே அட்டை உறை கேட்டு வாங்கி, துணிகளுக்கு நடுவே வைத்து, செக்-இன் பெட்டியில் போட வேண்டும்; கைப்பையில் கொண்டுபோக முடியாது. இந்தியாவுக்குள் ஒரு பயணி தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர். 750 மில்லி புட்டி இரண்டு, அதோடு 500 மில்லி இனிப்பு ஒயின் ஒன்று என்று கணக்கிட்டு வாங்கினால் சரியாக இருக்கும். விமான நிலையத்தில் வாங்கும் மதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் அதையும் இப்படியே ஓர் ஊருக்கு, மிஞ்சினால் இரண்டு ஊருக்குக் கொடுக்கலாம். கோல்மாருக்குத் தெற்கே எகிஷைம், வட்டத்துக்குள் வட்டமாகத் தெருக்கள் சுற்றிவரும் சிற்றூர். வடமேற்கே கேசர்ஸ்பேர், 1875இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் பிறந்த ஊர். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்தி, 1952ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசைப் பெற்ற அவர், இந்தியச் சிந்தனை பற்றி எழுதிய நூலில் திருக்குறளை உயர்வாகப் போற்றியிருக்கிறார். ஒயின் கூடத்துக்குப் போகாமலே அரை நாள் செலவிட அவரது நினைவு அருங்காட்சியகமும், ஆற்றின்மேல் நிற்கும் அரண் வைத்த பழைய கற்பாலமும், ஊருக்கு மேலே இருக்கும் கோட்டைக் கோபுரமும் போதும். கோல்மாரிலிருந்து இந்த ஊருக்கும் பேருந்து உண்டு.